எந்த வகை என்று மட்டும் சொல்லும் சோதனை

ஹெர்பிஸுக்கான ரத்தப் பரிசோதனையின் கதை ஒரு குழந்தை மருத்துவரிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில், எமோரி பல்கலைக்கழகத்தில் இருந்த ஆந்த்ரே நாமியாஸ், பிரசவத்தின்போது தாயிடமிருந்து ஹெர்பிஸ் தொற்றிய பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்துவந்தார். கொப்புளத்தோடு நிற்காமல் மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. இந்த வைரஸில் இரண்டு வகை இருப்பதை ஜெர்மனியில் ஷ்னேவைஸ் என்ற ஆய்வாளர் 1962-லேயே காட்டியிருந்தார். 1968-ல் நாமியாஸும் ஆய்வாளர் வால்டர் டௌடிலும் அதை இன்னும் தெளிவாக்கினார்கள். காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் கொத்தாக வருவது பெரும்பாலும் முதல் வகை. பிறப்புறுப்பில் வருவதும், அங்கிருந்து குழந்தைக்குப் போவதும் பெரும்பாலும் இரண்டாம் வகை.

புண் இருக்கும்போது அதிலிருந்து நீர் எடுத்து, வைரஸை வளர்த்து, வகையைக் கண்டுபிடித்துவிடலாம். புண்ணே இல்லாதவரிடம் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். ரத்தமோ குழப்பியது. இரண்டு வைரஸ்களின் மரபணுத் தொடர்களும் பெருமளவு ஒத்துப்போகின்றன. அதனால் ஒன்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி மற்றதையும் போய்ப் பற்றிக்கொள்ளும். ஐந்து வயதில் பாட்டி கொடுத்த முத்தத்தில் முதல் வகை வந்த பெண்ணுக்கும், கல்யாணத்துக்குப் பின் இரண்டாம் வகை வந்த பெண்ணுக்கும் அன்றைய சோதனை ஒரே விடையைத்தான் தந்தது: பாசிட்டிவ். இந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை வீடுகளில் சண்டை நடந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

வழி திறந்தது 1980-களில். வைரஸின் மேலுறையில் பல புரதங்கள் உண்டு. அவற்றில் கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற ஒன்று மட்டும் இரண்டு வகைகளிலும் பெரிதும் வேறுபட்டிருந்தது. இரண்டாம் வகையில் அது 699 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட புரதம். முதல் வகையில் நடுவே பெரும்பகுதி இல்லாமல் வெறும் 238. அந்தக் கூடுதல் பகுதியை அடையாளம் காணும் ஆன்டிபாடி ஒருவர் ரத்தத்தில் இருந்தால், அவருக்கு இரண்டாம் வகை வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

1985-ல் நாமியாஸின் ஆய்வகத்தில் பிரான்சிஸ் லீயும் குழுவினரும் இதைச் சோதனையாக்கிக் காட்டினார்கள். பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய அந்தப் புரதத்தை நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஒரு புள்ளியாக வைப்பார்கள். அதன்மேல் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, விட்டுக் கழுவுவார்கள். பிறகு நிறமேற்றும் நொதி. ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் புள்ளி நிறம் மாறித் தெரியும், இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும்.

அந்தப் புள்ளி சொன்ன செய்தி மருத்துவ உலகையே நிமிர்ந்து உட்காரவைத்தது. 1976 முதல் 1980 வரை நடந்த அமெரிக்க தேசிய உடல்நல ஆய்வில் சேமித்த சீரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 1989-ல் வெளியான விடை, 15 முதல் 74 வயது வரையிலானவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு இரண்டாம் வகை. அடுத்த ஆய்வின் முடிவு 1997-ல் வந்தது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 21.9 சதவீதம். அப்படித் தொற்று இருந்தவர்களில் தங்களுக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வந்ததாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இருப்பவருக்கே தெரியாமல் இருப்பதுதான் இந்த நோயின் இயல்பு என்பது அப்போதுதான் எண்ணிக்கையோடு நிரூபணமானது.

தம்பதிகள் இந்த இடத்தில்தான் நின்று கவனிக்க வேண்டும். ரிசல்ட் வந்த அன்றே “யார்கிட்ட இருந்து வந்துச்சு?” என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இந்தச் சோதனைக்கு அந்த விடை தெரியாது. ஆன்டிபாடியில் தேதி எழுதியிருப்பதில்லை. போன மாதம் வந்ததா, கல்யாணத்துக்கு முன்பே வந்ததா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. வருடக்கணக்கில் நரம்புமுடிச்சில் பதுங்கியிருந்துவிட்டு, ஒருநாள் முதன்முதலாகக் கொப்புளமாக வரலாம். முதல் வகைக்குப் பாசிட்டிவ் என்றால் அது உதட்டிலா, கீழேயா என்பதும் தெரியாது. இதை வைத்து மனைவியையோ கணவனையோ துரோகி என்று தீர்ப்பெழுதுவது அநியாயம்.

1999-ல் இவ்வகைச் சோதனைகளுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. சாதாரண லேப்களுக்கும் வந்தபோது புதிய தொல்லையும் கூட வந்தது. பரவலாகப் பயன்படும் கிட்டில் விடை ஓர் எண்ணாக வரும், 1.1-ஐத் தாண்டினால் பாசிட்டிவ். ஆனால் 3-க்குக் கீழே உள்ள பாசிட்டிவ்கள் தவறாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வேறு முறையில் இன்னொரு சோதனை செய்யாமல் அதை நம்பக் கூடாது. தொற்றி 12 வாரம் ஆகாவிட்டால் நெகட்டிவும் பொய்யாகலாம். இதனால்தான் எந்த அறிகுறியும் இல்லாத எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-லும் 2023-லும் சொன்னது. புண் இருந்தால் ரத்தத்தைவிடப் புண்ணே நல்ல சாட்சி. காய்வதற்குள் அதில் ஸ்வாப் எடுத்து பி.சி.ஆர். செய்தால் வகையோடு விடை கிடைக்கும்.

நம் ஊரில் பல தம்பதிகள் ஹெர்பிஸ் என்ற பெயரை முதலில் பார்ப்பது ‘டார்ச் டெஸ்ட்’ ரிப்போர்ட்டில். கரு கலைந்த பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கும் சோதனை அது. டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து 1971-ல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் நாமியாஸ்தான். ரிப்போர்ட்டில் ‘ஹெச்.எஸ்.வி. 1, 2’ என்று இரண்டு வகைகளையும் சேர்த்தே போட்டு ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றிருந்தால், அது சின்ன வயதில் உதட்டில் வந்த முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐ.ஜி.எம். என்ற இன்னொரு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் புதிதாக வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய தொற்று திரும்ப எழும்போதும் அது பாசிட்டிவ் ஆகும், வகையையும் சரியாகப் பிரிக்காது. ஹெர்பிஸைக் கண்டறிய ஐ.ஜி.எம். வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல். அந்த ஒரு வரியைப் பார்த்துக் கணவரைச் சந்தேகிக்கும் முன், எந்த வகை, எண் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். இருவரும் சேர்ந்து போய்க் கேட்பது இன்னும் நல்லது.

வகை பிரிக்கும் ரத்தப் பரிசோதனையால், ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளை அடையாளம் காண முடிந்ததால்தான் 2004-ல் வெளியான பெரிய ஆய்வு சாத்தியமாயிற்று. மருத்துவர் லாரி கோரி தலைமையில், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்த 1,484 ஜோடிகளைச் சேர்த்தார்கள். தொற்று உள்ளவர்களில் பாதிப் பேருக்கு தினமும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் தந்தார்கள். 8 மாதத்தில் வெற்று மாத்திரைக் குழுவில் 3.6 சதவீதத் துணைகளுக்குத் தொற்றியது; மருந்து எடுத்தவர்களின் துணைகளில் 1.9 சதவீதம் பேருக்கு.