உப்பு கற்பித்த சொற்போர்

புதுவைக்கு வடக்கே, வங்கக் கடலின் ஓரத்திலே இருக்கிறது மரக்காணம். கழிநீர் பாத்திகளில் தேங்கி, கதிரவன் வெப்பத்தால் வற்றி, வெண்மணியாக உறையும் நிலம். சிறுபாணாற்றுப்படையில் பேசப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று, நெல்லுக்கு அதனை மாற்றி வந்தனர் என்பதைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன.

அந்த உப்பின்மீது பிற்காலத்தில் ஒரு வரி விழுந்தது. அந்த வரி தகுமா, தகாதா என்று ஆண்டுகள் பல வாதம் நடந்தது. சொற்போர் பயில வரும் இளைஞர்க்கு அந்த வாதத்தைவிடச் சிறந்த பாடம் வேறு வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

மேடையேறுவதற்குத் துணிவும், நாலு அடுக்குமொழியும், உரத்த குரலும் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் உளர். கைதட்டல் பெற அவை போதும். ஒரு சட்டத்தை மாற்ற அவை போதா! அரசு ஒன்றைச் செய்யவேண்டும், அல்லது செய்யலாகாது என்று இரு அணியினர் நின்று வழக்காடும் சொற்போருக்கு முறை உண்டு. அம்முறை அயல்நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மணிமேகலையிலே பட்டிமண்டபம் உண்டு. நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைத்த குண்டலகேசியின் கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், நூலாசிரியன் கொள்ளும் மதங்கள் ஏழு என வகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், மாறுபட்ட இரண்டில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தோடு சேராது தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. சொற்போர் பயில்பவனுக்கு இந்த ஏழும் ஏழு படைக்கருவிகள்!

கருவியைக் களத்தில் வைத்துப் பார்ப்போம்.

சொற்போரின் முதற்படி, பொருளைத் தெளிவாக வரையறுத்தல். “உப்பு நல்லதா?” என்பது சொற்போர்ப் பொருளாகாது. “உப்பின்மீது அரசு விதிக்கும் வரி நீக்கப்படவேண்டும்” என்பது பொருளாகும். யார் செய்யவேண்டும், எதைச் செய்யவேண்டும் என்பது அதில் இருக்கிறது. இத்தீர்மானத்தை முன்மொழிவோர் ஓர் அணி. மறுப்போர் மற்றோர் அணி. மாற்றம் கேட்பவன் எவனோ அவன்மீதே மெய்ப்பிக்கும் பொறுப்பு விழும். இருக்கும் நிலை இருந்துவிட்டுப் போகட்டுமே என்பவனுக்கு அந்தச் சுமை இல்லை.

எனவே முன்மொழிவோர் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லியாகவேண்டும். இன்றுள்ள நிலை என்ன? அதனால் விளையும் தீங்கு என்ன? அத்தீங்கு தானாக நீங்காமல் தடுப்பது எது? நாம் கூறும் திட்டம் அதை நீக்குமா?

நிலையைக் கூறுவோம். 1805-ஆம் ஆண்டு கும்பினி ஆட்சி, சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. விளைவித்தவன் அரசுக்கே விற்கவேண்டும். அரசு வைத்த விலைக்கே மக்கள் வாங்கவேண்டும். பின்னர் முறை மாறி, உரிமம் பெற்றோர் காய்ச்சலாம், வரி கட்டி விற்கலாம் என்றாயிற்று. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் அதற்கு வேலியிட்டது. கடல் காலடியில் அலைமோத, அதன் நீரைக் காய்ச்சினால் குற்றம்!

தீங்கைக் கூறுவோம். 1876 முதல் 1878 வரை தாதுவருடப் பஞ்சம் தமிழகத்தைத் தின்றது. மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயில், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டப்பட்டது. பட்டினிப் பட்டாளம் மண் சுமந்தது. அந்தப் பஞ்சம் ஓயுமுன்பே, இம்மாகாணத்தில் உப்பு வரி மணங்கிற்கு 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. மணங்கு என்றால் 82 இராத்தல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 37 கிலோ. கஞ்சி இருந்ததோ இல்லையோ, அதற்கிடும் உப்புக்கு வரி இருந்தது.

இனித் தடை. வரி விதித்தவர் தாமே அதைக் கைவிடுவரோ? 1882-இல் 2 ரூபாயாகக் குறைத்தனர். 1888-இல் மீண்டும் 2 ரூபாய் 8 அணா ஆக்கினர். கருவூலத்தில் குறை நேரும்போதெல்லாம் கை உப்புச் சட்டிக்கே நீண்டது. தீங்கு தற்செயலன்று, ஆட்சிமுறையிலேயே வேரோடியது என்று காட்டுவதே இந்த மூன்றாம் படி. இதைப் பயிலாதவனை, “சற்றுப் பொறுங்கள், தானே சரியாகிவிடும்” என்ற ஒரே சொல்லால் எதிரணி வீழ்த்திவிடும்.

நான்காவது, திட்டம் பயன்தருமா என்பது. இங்கேதான் சான்றின் வலிமை தெரியும். 1902-ஆம் ஆண்டு, வைசிராயின் சட்டமன்றத்தில் கோபாலகிருஷ்ண கோகலே வரவு செலவுக் கணக்கின்மீது பேசினார். வாக்களிக்கும் உரிமை அன்று உறுப்பினர்க்கு இல்லை, பேசலாம், அவ்வளவே. அவர் அரசின் கணக்கேட்டையே கையில் எடுத்தார். ஆண்டுதோறும் வரவு மிஞ்சுகிறது என்று உங்கள் ஏடே சொல்கிறது. மக்கள் வாடும்போது மிச்சம் எதற்கு, உப்பு வரியைக் குறையுங்கள் என்று வாதாடினார். நம் ஏட்டில் உள்ளதை எதிரி மறுக்கலாம்; தன் ஏட்டில் உள்ளதை எங்ஙனம் மறுப்பான்? வரி 1903-இல் 2 ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது. ஒருவர் பேச்சாலேயே இறங்கியது என்று நாம் கூறமாட்டோம். காரணத்தை மிகைப்படுத்துவது சொற்போரில் பெருங்குற்றம். ஆயின் குறைத்தாலும் அரசு கவிழாது என்பதற்கு இனி வேறு சான்று தேவைப்படவில்லை.

மறுப்போர் என்ன செய்வர்? அவர்கள் நான்கு தூண்களையும் சாய்க்கவேண்டியதில்லை. ஒன்று சாய்ந்தாலே கூரை ஆடும். தீங்கு சிறிது எனலாம். திட்டம் பயன்தராது எனலாம். திட்டத்தால் அதனினும் பெரிய தீங்கு வரும் எனலாம். அல்லது, நோய் உண்மைதான், மருந்து வேறு என்று மாற்றுத்திட்டம் ஒன்றை வைக்கலாம்.

1923-ஆம் ஆண்டு டில்லி சட்டமன்றத்தில் இவை நேருக்கு நேர் மோதின. 1916 முதல் வரி 1 ரூபாய் 4 அணாவாக இருந்தது. நிதி உறுப்பினர் பேசில் பிளாக்கெட் அதை இரட்டித்து 2 ரூபாய் 8 அணாவாக்கக் கேட்டார். அரசின் வாதம் எளியதன்று. அதை அதன் முழு வலிமையோடு முதலில் கூறிப் பார்க்கவேண்டும். வரவு செலவில் பள்ளம் விழுந்திருக்கிறது; நிரப்பாவிடில் நாட்டின் நாணயம் கெடும். உப்பு வரியோ எல்லார்மீதும் பரவி, ஒருவர்க்கும் பெரிதாய் உறைக்காதது. ஓர் ஆள் ஆண்டுக்கு 12 இராத்தல் உப்பு உண்பதாகக் கொண்டால், கூடும் வரி மூன்று அணாவை எட்டாது. மூன்றணாவுக்கா இத்தனை முழக்கம்?

கணக்கு சரிதான். சரியான கணக்கைப் பொய் என்று கத்துபவன் தோற்றான்! நன்னூலார் காட்டிய வழி, ஏற்றுப் பின்னர்க் களைதல். “ஆம், மூன்றணாதான். ஆனால் யாருக்கு மூன்றணா? நாளுக்கு நாலணாக் கூலி பெறும் ஒருவனை எண்ணுங்கள். அவன் வீட்டில் ஐந்து பேர். ஆண்டுக்குப் பதினைந்தணா கூடினால், அது அவனுக்கு ஏறத்தாழ நான்கு நாள் உழைப்பு. மாளிகைவாசிக்கோ அது ஒரு வேளைத் தேநீருக்கும் ஆகாத காசு. எல்லார்மீதும் ஒரே அளவாய் விழும் வரி, எல்லார்க்கும் ஒரே சுமையாய் இருப்பதில்லை.” எண்ணை மறுக்கவில்லை, எண்ணை அளந்த கோலை மாற்றினோம். எடைபோடுதல் என்று சொற்போர் ஆசிரியர்கள் கற்பிப்பது இதனையே. தீங்கு எவ்வளவு பெரிது, எத்துணை உறுதியாக நேரும், எவ்வளவு விரைவில் நேரும், யார்மீது விழும் என்று இரு தட்டிலும் இட்டு நிறுத்துக் காட்டவேண்டும்.

அப்படியானால் பள்ளத்தை நிரப்புவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடையின்றி மேடையேறலாகாது. இஞ்ச்கேப் பிரபு தலைமையில் அமைந்த சிக்கனக் குழு, படைச்செலவு உள்ளிட்ட பலவற்றைக் குறைக்க வழி காட்டியிருந்தது. வரியைக் கூட்டுமுன் செலவைக் குறை என்பது எதிர்த்தோர்க்குக் கிடைத்த மாற்றுத்திட்டம்.

சட்டமன்றம் வரி உயர்வைத் தள்ளிற்று. வாதம் வென்றது! ஆனால் வைசிராய் ரெடிங் பிரபு, தமக்கிருந்த தனி அதிகாரத்தால் சான்றளித்து, அதே வரியைச் சட்டமாக்கினார். நடுவர் தீர்ப்பைக் கிழித்துப்போட ஒருவருக்கு உரிமை இருந்தால் சொற்போர் என்னாகும்? அது வீண் என்பர் சிலர். அடுத்த ஆண்டே, 1924-இல், வரி மீண்டும் 1 ரூபாய் 4 அணாவுக்கு இறங்கியதை அவர்க்கு நினைவூட்டுவோம். வாதில் தோற்று அதிகாரத்தால் நின்ற சட்டம், நிமிர்ந்து நிற்பதில்லை.

1930 மார்ச் 2-ஆம் நாள் காந்தியார் வைசிராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய மடலும் ஒரு வழக்குரையே. வைசிராயின் திங்கள் ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேல். நாளுக்கு 700 ரூபாய். நாட்டு மக்களின் சராசரி வருவாயோ நாளுக்கு இரண்டணாவும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தார், ஒப்பீடு பேசிற்று. விடை சுருங்கிய மறுப்பாக வந்தது. தண்டி நடைப்பயணம் தொடர்ந்தது. ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து இராசகோபாலாச்சாரியார் தலைமையில் புறப்பட்ட நூறு தொண்டர்கள் வேதாரணியக் கரையை அடைந்து உப்பெடுத்தனர். 1931-ஆம் ஆண்டு உடன்பாட்டில், உப்பு விளையும் இடங்களின் அண்டையில் வாழ்வோர் தம் வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. 1947 பிப்ரவரியில் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலிகான், உப்பு வரி ஒழிந்ததென வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாக்கற்ற மன்றத்தில் எழுந்த குரல், அன்று சட்டமாயிற்று.

அதே 1947-இல்தான் அமெரிக்காவில், வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரியில், பல்கலைக்கழகங்களுக்கான தேசியச் சொற்போர்ப் போட்டி தொடங்கிற்று. அணிக்கு இருவர். இப்போது அங்கே ஒவ்வொருவருக்கும் வழக்கை நாட்ட 9 நிமிடம், குறுக்கு வினாவுக்கு 3 நிமிடம், மறுப்புரைக்கு 6 நிமிடம். முன்மொழிவோரே தொடங்குவர்; அவர்களே முடிப்பர். மெய்ப்பிக்கும் சுமைக்கு அது ஈடு. மறுப்புரையில் புது வாதம் கொண்டுவரலாகாது. தாளிலே நெட்டுக்குப் பத்திகள் வகுத்து, ஒவ்வொரு பேச்சையும் ஒரு பத்தியில் குறிப்பர். எந்த வாதத்திற்கு விடை வந்தது, எது விடையின்றி நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விடை பெறாத வாதம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகும் என்பது அங்கே விதி. எனவே தொடக்கத்தில் நாவைவிடச் செவிக்கும் விரலுக்குமே பயிற்சி மிகுதி.

இன்னொரு வழக்கம் நம்மவர்க்குப் பெரிதும் வேண்டுவது. காலையில் முன்மொழிந்த அணி, மாலையில் அதே பொருளை மறுத்துப் பேசவேண்டும். இது கொள்கையற்ற செயல் அன்றோ எனக் கேட்பர். அன்று! எதிரியின் வாதத்தைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பாராதவன், தன் கொள்கையின் ஓட்டையை அறியான். மூன்றணா வாதத்தைச் சொல்லிப் பார்த்ததால் அன்றோ, நான்கு நாள் கூலி என்னும் விடை நமக்குக் கிடைத்தது!

இவ்வளவும் கூறியபின் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. 1902-இல் பேசியவரும் 1923-இல் பேசியோரும் கற்றோர், செல்வர். சொத்தும் வரியும் பார்த்தே அன்று வாக்குரிமை தரப்பட்டது. உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்கியவன், உப்பை வாரி அம்பாரம் குவித்தவள், கண் கூசும் வெண்மையில் நாளெல்லாம் நின்றவர் ஒருவரும் அந்த மன்றத்தில் இல்லை. அவர்களைப்பற்றிப் பேசினர், அவர்கள் பேசவில்லை.

இன்று வாக்கு உண்டு, வரி இல்லை. வழக்கு முடிந்ததா? மழைக்காலம் வந்தால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நின்றுபோகும். அம்மாதங்களுக்கு அரசு தரும் உதவி எவ்வளவு இருக்கவேண்டும்? அயோடின் கலவாத உப்பை உண்ண விற்கலாகாதென 1998-இல் தடை வந்தது, 2000-இல் நீங்கிற்று, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கழலை நோயையும் காட்டி அத்தடையை ஆதரிக்கலாம். சிறு உற்பத்தியாளனின் செலவையும் மக்கள் விருப்பையும் காட்டி எதிர்க்கலாம். இரு தட்டிலும் எடை உண்டு. சொற்போருக்கு அதுவே தகுந்த பொருள்.

இப்பொருள்களை எடுத்துக்கொண்டு, மரக்காணத்துப் பள்ளிகளிலே பயிற்சி தொடங்கலாம். நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். தாளைப் பத்திகளாக மடியுங்கள். இருவர் இருவராகப் பிரிந்து நில்லுங்கள். அடுத்த கிழமை அணி மாறுங்கள். பெண்மக்களை முதல் வரிசையில் நிறுத்துங்கள். உப்பளத்து உழைப்பாளியின் மகள் மன்றத்திலே எழுந்து, தன் தாயின் கூலியைச் சான்றோடு எடைபோட்டுக் காட்டும் நாளில், 1923-இல் எவரும் இடம் தராத குரல் அவைக்கு வந்துசேரும்.