பட்டைக்காக வந்த மரம்

திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் வெகுகாலம் ஆவாரம் பட்டைதான் தோலைப் பதப்படுத்தியது. 20ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்து இறங்கியது. துவர்ப்புச் சத்து அதிகம் என்பதால் சந்தையில் நிலைத்தும் விட்டது. 1946இல் திடீரென்று வரத்து நின்றது.

அதன் பின்னால் இருந்தது மானப் பிரச்சினை. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் நில உரிமையை ஒடுக்கும் சட்டம் வந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வம்சம் அது, தமிழர்கள் ஏராளம். அந்நாட்டோடு வியாபாரமே வேண்டாம் என்று இந்தியா முறித்துக்கொண்டது. சரி, பட்டைக்கு எங்கே போவது?

வாட்டில் விதை வெள்ளைக்காரர் காலத்திலேயே பழனி மலைக்கு வந்திருந்தது. கொடைக்கானல் மேல்மலைப் புல்வெளிகளில் வனத்துறை அதை ஏக்கர் கணக்கில் நட்டது. மரம் வளர்ந்துவிட்டது. உரிப்பதற்கு ஆள்?

கடலுக்கு அப்பால் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையும் தொழில் கடனும். தேயிலைக் கொழுந்து பறித்த கைகளுக்குக் கடை வியாபாரம் பிடிபடவில்லை. பணம் கரைந்தது. குளிரும் மலையும் பழகிய பலர் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். அங்கே ஒப்பந்தக்காரர் முன்பணத்தோடு காத்திருந்தார்.

வாட்டில் பட்டையை மரம் பச்சையாக இருக்கும்போதே உரித்தாக வேண்டும். காய்ந்தால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வெட்டிய கையோடு குடும்பமே உரிக்க உட்கார்ந்தது. வாங்கிய அரிசியும் மருந்தும் முன்பணக் கணக்கில் ஏறின. சட்டப்படி அவர்கள் இந்தியக் குடிமக்கள். ஊர்க்கண்ணில் ‘சிலோன்காரர்கள்’. உள்ளூர் ரேஷன் அட்டை இல்லை, ஓட்டு இல்லை, தட்டிக்கேட்க உறவும் இல்லை. ஒப்பந்தக்காரருக்கு அதைவிடப் பெரிய பூட்டு தேவைப்படவில்லை.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. மேல்மலைக் காட்டுக்கு எட்டவில்லை. 1985இல் தமிழ்நாட்டுக் கொத்தடிமைகளுக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றப் படியேறியது. அந்த வழக்கில்தான் 1997 நவம்பரில், சட்டம் நாடெங்கும் நடைமுறையாகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. வழக்குத் தொடுத்தபோது அந்த ஆணையமே பிறந்திருக்கவில்லை. பன்னிரண்டு வருடம் என்பது ஒரு குழந்தை பட்டை உரிக்கப் பழகிவிடும் காலம்.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரிக்குப் போகும் வழியில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் வெளிர்மஞ்சள் பூக்காடு இருக்கிறதே, அதுதான் அந்த வாட்டில். தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் மானத்துக்காக முறித்த வியாபாரம் இங்கே நட்டுவைத்தது. உரித்தவர்கள் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள்.