பழைய எம்பிவி வாங்குகிறீர்களா? முதலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

தாத்தா, பாட்டி, பெற்றோர், மூன்று பிள்ளைகள் என ஏழு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து இருக்கை கார் போதாது. தீபாவளிக்கு ஊருக்குப் போக, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ பினாங்குக்கோ போக, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக என்று ஒவ்வொரு முறையும் இரண்டு கார் எடுத்தால் டோலும் எண்ணெயும் இரட்டிப்பாகும். அதனால்தான் நம் குடும்பங்களில் பலர் எம்பிவி தேடுகிறார்கள். 2022 ஜூலையில் புதிய பெரோடுவா அல்ஸா அறிமுகமானபோதே அதன் விலை 62,500 ரிங்கிட்டில் தொடங்கி 75,500 ரிங்கிட் வரை இருந்தது. அந்தத் தவணை கட்டுப்படியாகாதவர்கள் பழைய கார்களின் பக்கம் பார்ப்பது இயல்புதான்.

பழைய பெரிய கார் வாங்குவதில் தவறில்லை. ஆனால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை செலவின் தொடக்கம் மட்டுமே. வண்டி பெரியதென்றால் டயர் பெரியது, பிரேக் பெரியது, என்ஜின் ஆயில் அதிகம், ஏசிக்குப் பின்னாலும் ஒரு புளோவர். வண்டி 15 ஆண்டு பழையதாகி விலை பாதிக்குக் கீழே இறங்கினாலும், அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. கையில் 40,000 ரிங்கிட் இருந்தால் 34,000 ரிங்கிட்டுக்குள் வண்டியைப் பார்த்து, மீதியை முதல் ஆண்டுப் பட்டறைச் செலவுக்கு ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

எந்த வண்டி?

நம் நாட்டுச் சந்தையில் அதிகம் கிடைப்பவை பழைய அல்ஸா, புரோட்டோன் எக்ஸோரா, தொயோத்தா இன்னோவா, நிசான் செரினா, ஜப்பானிலிருந்து ரீகோனாக வந்த அல்பார்ட், வெல்பயர் ஆகியவை.

முதல் தலைமுறை அல்ஸா 2009 நவம்பரில் வந்தது. 1.5 லிட்டர் என்ஜின், டைமிங் செயின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம், உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். நீளம் சுமார் 4.2 மீட்டர்தான் என்பதால் தாமான் வீட்டு முகப்பில் சிரமமில்லாமல் நிற்கும். குறை என்னவென்றால், இதை ஐந்து பேருக்கு வசதியான, தேவைப்படும்போது இரண்டு சிறு பிள்ளைகளையும் ஏற்றக்கூடிய வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்து ஈப்போ வரை போவது கடினம்.

எக்ஸோரா 2009 ஏப்ரலில் அறிமுகமானது. இடவசதிக்கும் விலைக்கும் இதை மிஞ்சப் பழைய சந்தையில் வண்டி குறைவு. தொடக்க கால வண்டிகளில் சாதாரண 1.6 என்ஜினும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும் இருக்கும். 2011 இறுதியில் வந்த ‘போல்ட்’ வகையில் டர்போ என்ஜினும் சிவிடி கியர்பாக்ஸும் சேர்ந்தன. டர்போ வண்டி மலையேறத் தயங்காது. ஆனால் வாங்கும் முன் ஆயில் கூலரைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா, கூலண்டில் ஆயில் கலந்திருக்கிறதா, சிவிடி ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வகையிலும் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள்.

2005-இல் வந்த இன்னோவா, ஹைலக்ஸ் லாரியோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட வண்டி. தனிச் சட்டகத்தின் மேல் உடல், பின்சக்கர இயக்கம், செயின் வைத்த 2.0 என்ஜின். கடினமாக உழைக்கும், எண்ணெயும் குடிக்கும். மிதமாகக் குலுக்கும் வண்டி என்பதால் முதுகுவலி உள்ள தாத்தா பாட்டியை ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

செரினா எஸ்-ஹைபிரிட் வண்டியின் பெயரைக் கேட்டதும் “ஹைபிரிட் பேட்டரி போனால் பல ஆயிரம் போகுமே” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதில் உள்ளது சிறிய உதவி மோட்டார். பெரிய உயர் மின்னழுத்த பேட்டரி கிடையாது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு உள்ளன. கவலைப்பட வேண்டியது சிவிடி பற்றியும், பக்கவாட்டில் தானாகத் திறக்கும் கதவுகள் பற்றியும்தான். கதவை இருபது முறை திறந்து மூடிப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இனி வெல்பயர். 2008-இல் வந்த முதல் தலைமுறை வெல்பயர் இன்று புதிய மைவி விலைக்கே விளம்பரங்களில் வருகிறது. நம் இளைஞர்கள் மிகவும் ஆசைப்படும் வண்டி, சிக்கலில் மாட்டிக்கொள்வதும் இதில்தான். 2.4 என்ஜின்களில் சில வயதானதும் ஆயில் குடிக்கும். மின்கதவு மோட்டார், சஸ்பென்ஷன், சிவிடி என்று ஒவ்வொன்றும் பெரிய வண்டிக்குரிய விலையில்தான் வரும். ரீகோன் வண்டியில் தயாரிப்பு ஆண்டும் பதிவு ஆண்டும் வேறுபடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2014-இல் பதிவான வண்டி 2010-இல் தயாரிக்கப்பட்டதாக இருக்கலாம். கிரானில் இரண்டுமே எழுதியிருக்கும். விலை பேசும்போது தயாரிப்பு ஆண்டை வைத்தே பேசுங்கள்.

சாலை வரியிலும் வித்தியாசம் பெரியது. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள எம்பிவிக்கு, 1.5 அல்லது 1.6 என்ஜின் என்றால் ஆண்டுக்கு 120 ரிங்கிட். 1,998 சிசி இன்னோவாவுக்கு 439 ரிங்கிட் 20 சென். 2,362 சிசி வெல்பயருக்கு ஏறக்குறைய 730 ரிங்கிட். அதே வண்டியின் 3.5 என்ஜினுக்கு 2,300 ரிங்கிட்டையும் தாண்டிவிடும். சபா, சரவாக்கில் இந்தக் கட்டணம் குறைவு.

மூன்றாவது வரிசை யாருக்கு?

வாங்கப் போகும் பலர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். ஏழு இருக்கை வண்டிக்குப் பணம் கொடுப்பதே கடைசி இரண்டு இருக்கைக்காக. அங்கே யார் உட்காரப் போகிறார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். முட்டி முன்னிருக்கையில் இடிக்கிறதா, பாட்டியால் உள்ளே ஏறி இறங்க முடிகிறதா, மதிய வெயிலில் ஏசிக் காற்று அங்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பின் ஏசி கெட்டுப் போன வண்டியில் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் நெடுந்தூரம் போவது அரிது.

பின்னிருக்கை பெல்ட் 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். சிறு பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஆனாலும் பழைய எம்பிவிகளில் மூன்றாவது வரிசை பெல்ட் இருக்கைக்கு அடியில் சிக்கி, துருப்பிடித்து, இழுத்தால் வராத நிலையில் இருப்பதைக் காணலாம். பெல்ட் வேலை செய்யாத இருக்கையை இருக்கையாகவே கணக்கிட வேண்டாம். கடைசி வரிசைக்கும் பின் கதவுக்கும் இடையே சில அங்குல இடமே இருக்கும் வண்டிகள் உண்டு. பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் முதலில் அடிபடுவது அங்கே இருப்பவர்கள்தான். “சின்னப் பிள்ளைதானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்” என்று எட்டாவது, ஒன்பதாவது ஆளை ஏற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஏழு பெல்ட் என்றால் ஏழு பேர்தான்.

சம்போங் பாயார் வேண்டவே வேண்டாம்

வங்கிக் கடன் கிடைக்காதவர்களைக் குறிவைத்துச் சமூக ஊடகங்களில் வரும் விளம்பரம் இது. “முன்பணம் 5,000 கொடுங்கள், மாதத் தவணையை நீங்கள் கட்டுங்கள், வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.” பெரிய எம்பிவிகள் இப்படி நிறையவே கைமாறுகின்றன. பெயர் மாறாது, கடன் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், கிரானில் வங்கியின் உரிமை அப்படியே இருக்கும். தவணை தீரும்வரை வண்டி வங்கியுடையது. வங்கிக்குத் தெரியாமல் அதை இன்னொருவரிடம் கைமாற்றிவிடுவது தவணைக் கொள்முதல் சட்டம் 1967-இன் கீழ் குற்றம்.

மூன்று ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் வண்டி உங்களுடையதாகாது. நீங்கள் கொடுத்த பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், ஒரு நாள் காலையில் வீட்டு வாசலிலிருந்தே வண்டியை இழுத்துப் போவார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக் கோரிக்கை பெயருள்ளவர் மூலமாகத்தான் போக வேண்டும். அவர் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டால் நீங்கள் யாரிடம் போவீர்கள்? இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள் வங்கியைக் கட்டுப்படுத்தாது. மறுபுறம், உங்கள் வண்டியை இப்படி விட்டுக்கொடுத்தால் அதன் சம்மன்களும் கடன் பாக்கியும் உங்கள் பெயரில்தான் வந்து சேரும். கடன் கிடைக்கவில்லை என்றால் ரொக்கத்துக்கு வாங்கக்கூடிய பழைய அல்ஸா, இந்த வெல்பயரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

முறையான கடனிலும் கவனம் தேவை. பழைய வண்டிக்கு வங்கி கொடுக்கும் காலம் குறைவு என்பதால் மாதத் தவணை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும். வட்டி எத்தனை விழுக்காடு என்பதோடு நிறுத்தாமல், கடைசித் தவணைவரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முன்பதிவுப் பணம் கொடுத்தால், கடன் கிடைக்காத பட்சத்தில் அது திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கியதா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவி, இருக்கை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்துச் சந்தைக்குத் திரும்பி வருவதுண்டு. எம்பிவியில் இதைக் கண்டுபிடிக்க மூன்றாவது வரிசைதான் நல்ல இடம், ஏனென்றால் அதுவரை யாரும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை. அங்குள்ள பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். ஜாக் வைக்கும் பெட்டி, மாற்று டயர் இருக்கும் இடம், இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகள், விரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு ஆகியவற்றில் மண்ணோ துருவோ இருந்தால் விலை பேச வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

என்ஜினை ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். போகும் முன்பே “ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் அண்ணே” என்று சொல்லிவிடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சிவிடி வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, சூடேறிய பிறகு மேட்டில் நிறுத்தி மெதுவாக நகர்த்துங்கள். உதறினாலோ ஊளையிட்டாலோ செலவு காத்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த போர்மனைக் கூட்டிப் போய் அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் அல்ல. பெயர் மாற்றத்துக்கான பி5, வங்கிக் கடனுக்கான பி7 ஆகிய சோதனைகளில் வண்டி தேறிவிட்டது என்பதால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பி5 சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகிறதா என்பதையே.

சம்மன் பாக்கி, ஜேபிஜே கறுப்புப் பட்டியல் இரண்டையும் பணம் கைமாறும் முன் சரிபார்க்க வேண்டும். காப்புறுதியின் என்சிடி கழிவு வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. “55 விழுக்காடு என்சிடி உள்ள வண்டி” என்று விற்பவர் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்புறுதியில் அடங்காது, கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

வணிகரிடம் வாங்கிய வண்டியில் சொல்லப்படாத பெரிய குறை வெளிப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. தனி நபரிடம் வாங்கினால் இந்த வழி இல்லை. எனவே விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிட்டால் அன்றிலிருந்து கணக்கு உங்கள் கையில். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்ட டயரில் ஏழு பேரை ஏற்றி நெடுஞ்சாலையில் போகக்கூடாது. ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஒட்டியுள்ள தாளில் இரண்டு காற்றழுத்த அளவுகள் இருக்கும். ஊருக்குப் போகும்போது முழுச் சுமைக்கான அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு.

கெந்திங், கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது ஏழு பேரும் பையும் நிறைந்த வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்காதீர்கள். பிரேக் சூடேறினால் பிடிக்காது. கியரைக் குறைத்து, சிவிடி வண்டியில் ‘எல்’ அல்லது ‘எஸ்’ நிலைக்கு மாற்றி, என்ஜினின் பிடியில் இறக்குங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடலாம்.