தணிகைக் கல்விமரபும் மாணாக்கர் அறிவு வேற்றுமையும்

ஓராசிரியரிடத்து ஒரே பாடத்தை ஒரே காலத்திற் கேட்ட மாணாக்கர் இருவர் ஒரு தன்மையராய் வெளிப்படுதல் அரிது. அவ்வேற்றுமையைக் குறையெனக் கொள்ளாது போற்றி வளர்த்த மரபொன்று தணிகையிற் றோன்றிய சான்றோர்பாற் காணப்படுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர்பாற் பாடங் கேட்டவருள் தலைநின்றவர் கச்சியப்ப முனிவர். இவர் பிறந்த ஊர் திருத்தணிகை. ஆசிரியர் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் வகுத்த தருக்க நுண்மதியர், 1785இற் சிவப்பேறெய்தினார். மாணாக்கர் தணிகைப்புராணம், பேரூர்ப்புராணம், விநாயகபுராணம் என விரிந்த காப்பியங்கள் பாடி 1790இற் பரிபூரணமுற்றார். காஞ்சிப்புராணத்து முதற்காண்டம் ஆசிரியர் வாக்கு. இரண்டாங் காண்டம் மாணாக்கர் வாக்கு. ஆசிரியரும் பெருங்கவிஞரே. ஆயினும் இரு காண்டங்களையும் அடுத்தடுத்து ஓதுவார்க்கு நடைவேற்றுமை இனிது புலனாம். தம்மைப் போல் மற்றொருவரை வார்த்தெடுக்க முனிவர் கருதினாரல்லர் என்பது எம் துணிபு.

கச்சியப்ப முனிவர்பாற் கற்றவர் தணிகைக் கந்தப்பையர். இவர்தம் மைந்தர் விசாகப்பெருமாளையர், சரவணப்பெருமாளையர் என்னும் இருவர். இருவரும் இராமாநுச கவிராயரிடத்தும் பாடங் கேட்டனர். ஒரே இல்லம், ஒரே கல்வி, விளைவோ இருவேறு. விசாகப்பெருமாளையர் மதி இலக்கணத்தே சென்றது. நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டார். யாப்பினையும் அணியினையும் உரைநடையில் வகுத்தார். சிறாருக்கெனப் பாலபோத இலக்கணம் இயற்றினார். சரவணப்பெருமாளையர் மதி இலக்கியச் சுவையிற் படிந்தது. நைடதத்துக்கும் பிரபுலிங்கலீலைக்கும் திருவள்ளுவமாலைக்கும் உரை செய்தார், திருக்குறளை அச்சிலேற்றினார். இளையார் கையில் இலக்கணத்தையும், முதியார் கையில் இலக்கியத்தையும் அச்சு வாயிலாகச் சேர்த்த இவ்விருவருள் யார் பெரியர் என வினவுதல் வீண்.

விசாகப்பெருமாளையர் உரை கண்ட அந்நன்னூற் பொதுப்பாயிரத்திற்றான் மாணாக்கர் வகை பேசப்படுகின்றது. அன்னமும் ஆவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடைமாணாக்கர் என்றார் பவணந்தி முனிவர். இதனை மாணாக்கர்மேல் விதித்த தீர்ப்பாகவே பலரும் ஓதுவர். அங்ஙனமாயின், கொள்வோனுடைய ஆற்றலை அறிந்து அவனுளங் கொள்ளும்படி உரைத்தல் வேண்டுமென்று அப்பாயிரத்திலேயே ஆசிரியர்க்கு விதித்தது என்னை? நிலத்தின் பயன் உழவன் முயற்சியளவின தன்றோ? மண்ணை இடையில் வைத்ததனால், உழுவான் கடமை ஒருசிறிதும் குறைந்திலது. ஆட்டினைக் கடையில் வைத்தமை எமக்கு முற்றும் உடன்பாடன்று. பல செடியிலும் ஒவ்வொரு வாய் கறித்துத் திரிந்த சிறுவன், தனக்குரிய தழையைக் கண்டபின் அங்கேயே நின்று வயிறார மேய்தலை யாம் பன்முறை கண்டுளேம்.

பழைய திண்ணைப் பள்ளியில் எல்லாம் நன்றாயின என்பது எம் கருத்தன்று. கிளியைப் போல் ஒப்பித்தானுக்குப் பாராட்டும், ஒப்பிக்க மாட்டாதானுக்குப் பிரம்பும் அங்கே மிகுதி. ஆயினும் முன்னே சென்றவன் பின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் நல்வழக்கம் ஒன்று அங்கிருந்தது. பிறர்க்கு உரைக்குங்காலன்றிக் கல்வி நிரம்பாது என்னும் நன்னூற் கொள்கையே அதற்கு அடிப்படை. சென்னை எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்திய அந்திரு பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியிற் சிறார் மணலில் விரலால் எழுதக் கண்டு அதனை மேற்கொண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் அம்முறையை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்றே அங்குப் பெயர் பெற்றது.

மேனாட்டில் 1905இற் பினே என்பார் சிறார் அறிவை அளக்க வழி வகுத்தபின், அறிவு ஒன்றே, அதற்கு அளவும் ஒன்றே என்னும் எண்ணம் வேரூன்றிற்று. 1983இல் அமெரிக்க உளநூலார் ஹோவர்ட் கார்ட்னர் மொழி, கணிதம், இசை, இடவுணர்வு, உடலியக்கம், பிறருளம் அறிதல், தன்னுளம் அறிதல் என அறிவை எழுவகையாக்கினார். உளநூலார் அனைவரும் அதனை ஒப்பிலர். அவ்வழக்கு அவர்க்குள் நிகழ்க. சரியை முதலிய நான்கு நெறிகளைப் பக்குவத்துக்கேற்பக் கொள்ளும் நமக்கு, ஒரு வாயிலே யாவர்க்கும் உரியதன்று என்பது புதுமையன்று.

தணிகை 1960 ஏப்பிரல் முதல் நாள் ஆந்திரத்தினின்று சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. இன்றும் இல்லத்தில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் பிள்ளைகள் இங்குப் பலர். அத்தகைய சிறுவன் ஒருவன் எம்மிடம் யாப்புப் பயின்றான். நேர் நிரை வாய்பாட்டை எத்துணை நாள் சொல்லியும் மனத்திற் கொண்டிலன். அவன் தந்தை தவில் வாசிப்பவர். வாய்பாட்டை விடுத்து, வெண்பாவைத் தாளமிட்டு ஓதுக என்றேம். தளை தட்டிய இடத்தே அவன் விரல் தானே நின்றது. "ஐயா, இங்கே ஒன்று குறைகிறது" என்றான்.