ஓங்கிய கையும் இறங்கிய கையும்

ஓங்கிய கையை அடிக்காமல் இறக்கிக்கொண்டவரின் பொறுமையை நாம் போற்றுகிறோம். அடித்துவிட்டவரைக் குற்றவாளி என்கிறோம். கையை ஏவியவரும் தடுத்தவரும் அவரே என்பது நம் துணிபு. கடந்த அறுபது ஆண்டு மூளையாய்வு இத்துணிபை உரசிப் பார்த்திருக்கிறது.

1964-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் கோர்ன்ஹூபரும் அவர் மாணவர் டீக்கேயும், ஒருவர் தாமாக விரலை அசைப்பதற்கு முன் மூளையில் நிகழ்வதை அறிய முற்பட்டனர். அசைவு எக்கணம் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே மூளை மின்னலைகளைக் காந்த நாடாவில் பதிந்து, நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, பல அசைவுகளின் சராசரியைக் கண்டனர். விரல் அசைய ஏறத்தாழ ஒரு நொடி இருக்கும்போதே மெல்ல வளரும் ஓர் அலை தென்பட்டது. ஆயத்த மின்னழுத்தம் எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டு, 1965-இல் விரிவாக வெளியிட்டனர்.

1983-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்: அசைக்க வேண்டும் என்ற விருப்பம் எப்போது தோன்றுகிறது? 2.56 நொடிக்கு ஒருமுறை வட்டமிடும் ஒளிப்புள்ளியைப் பார்த்து, விருப்பம் எழுந்த கணத்தில் அது இருந்த இடத்தைப் பங்கேற்றோர் கூறினர். அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன் அலை தொடங்கியது; விருப்பமோ சுமார் 200 மில்லிநொடி முன்புதான். மனம் அறியுமுன் மூளை முடிவெடுத்துவிட்டதா எனப் பலர் திகைத்தனர். எழுந்த விருப்பத்தைத் தடுக்க அந்த இடைவெளி போதும் என்று லிபெட் வாதிட்டார்.

2012-இல் ஆரன் ஷூர்கரும் உடனாய்வாளர்களும் அலைக்கே வேறு பொருள் கூறினர். அது முன்பே எடுத்த முடிவின் தடயமாக இருக்க வேண்டியதில்லை. மூளையில் இயல்பாக ஏறி இறங்கும் சலனம் ஓர் எல்லையைத் தொடும்போது அசைவு பிறக்கலாம். பல அசைவுகளைச் சராசரி காணும்போது அச்சலனமே அலையாகத் தெரியலாம் என்றனர்.

2016-இல் பெர்லின் ஆய்வாளர்கள் கையை விட்டுக் காலைச் சோதித்தனர். பங்கேற்றோர் காலால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆயத்த அலையைக் கணினி கண்டறிந்ததும் சிவப்பு விளக்கு எரியும். உடனே நிறுத்த வேண்டும். அலை தொடங்கிய பிறகும் அவர்களால் நிறுத்த முடிந்தது. அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி இருக்கையில்தான் அந்த வழி அடைபட்டது. அதன் பின்னும், தொடங்கிய அசைவைப் பொத்தானை எட்டுமுன் அவர்கள் கைவிட்டதுண்டு.

நிறுத்தச் சொன்னது வெளியிலிருந்த விளக்கு என்பதை நாம் மறக்கலாகாது. அகத்தே எரியும் விளக்கை இச்சோதனை அளக்கவில்லை. எனினும், ஆயத்தம் வேறு, செயல் வேறு என்பது இதனால் உறுதியாகிறது. சினம் எழுவதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கை இறங்குவதற்கோ ஒரு நொடியின் சிறு கூறேனும் எஞ்சியிருக்கிறது. நம் பொறுப்பு குடியிருப்பது அச்சிற்றிடத்தில்தான்.