பாபாய்க் குழிச் சாகுபடி

பாபாய் என்பது பசிபிக் பெருங்கடலில் உள்ள கிரிபாட்டி நாட்டின் பவளத் தீவுகளில் வளர்க்கப்படும் பெருஞ்சேம்பு. தாவரப் பெயர் சைர்டோஸ்பெர்மா மெர்குசி; சேப்பங்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. துவாலுத் தீவினர் இதைப் புலாகா என்பர்.

பவளத் தீவில் ஆறும் இல்லை, வண்டலும் இல்லை. சுண்ணாம்பு மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீர்ப் படலம் ஒன்றே நன்னீர். அதை எட்டும்வரை குழி வெட்டுகிறார்கள். குழியின் அடி நிரந்தரச் சேறாகிறது. அந்தச் சேற்றில் சத்து மிகக் குறைவு. இதற்குக் கண்ட வழிதான் அடியில்லாக் கூடை. தாழை ஓலையாலோ தென்னை ஓலையாலோ முடைந்த வளையத்தைச் செடியைச் சுற்றி நிறுத்தி, உள்ளே ஈரப்பலா இலை, பன்னீர் மர இலை போன்ற தழைகளையும் மண்ணையும் இடுவர். தழை மட்கி உரமாகும். அடி திறந்திருப்பதால் வேர் தடையின்றி நீருக்கு இறங்கும். செடி பருக்கப் பருக்கத் தழையும் கூடிக்கொண்டே போகும். எளிய ஏற்பாடுதான், ஆனால் இதைவிடப் பொருத்தமான தொட்டியை இந்த மண்ணுக்கு எண்ணிப் பார்ப்பது கடினம்.

கத்துத்து வகை அன்றாட உணவுக்கு. இக்கராவோய் வகையைப் பல ஆண்டுகள் விட்டுவைத்து, விருந்துக்குத் தோண்டுவர். பெரிய கிழங்கு குடும்பத்தின் பெருமை. உரமிடும் நுணுக்கங்களைக் குடும்பங்கள் எளிதில் வெளியே சொல்வதில்லை. கிழங்கில் கால்சியம் ஆக்சலேட் இருப்பதால் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

கடல் அலை கரையேறிக் குழிக்குள் உப்புநீர் புகுந்தால் செடிகள் அழுகிவிடும். போதிய மழை பெய்து உப்பைக் கரைத்தகற்றும்வரை அந்தக் குழியில் மறுநடவு பயன் தராது.