ஒரே மேகத்தில் இரு இளைஞர்

நினைவு நாள் மலருக்கு, விமானியும் கவிஞருமான ஜான் கில்லெஸ்பி மகீயைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்ததைப் பேறாகக் கருதுகிறேன். அவருடைய 'ஹை ஃப்ளைட்' கவிதையை அறியாதார் நம்முள் இல்லை. எனவே அதன் நயம் பேசப் போவதில்லை. அவரோடு மாண்ட பயிற்சி விமானிக்கு இம்மலரில் ஓரிடம் வேண்டுகிறேன்.

1941 டிசம்பர் 11. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் மேகம் தாழ்ந்து கிடந்தது. கனடிய வான்படையின் 412ஆம் பிரிவைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் விமானங்கள் மேகத்தில் தெரிந்த ஓர் இடைவெளி வழியே இறங்கின. கிரான்வெல் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று, ஆக்ஸ்ஃபர்டு என்னும் இரட்டை எஞ்சின் வகை, அவ்வழியே வந்தது. ஏறத்தாழ 1,400 அடி உயரத்தில், ராக்ஸம் சிற்றூருக்கு மேலே, மகீயின் விமானமும் அதுவும் மோதிக்கொண்டன. மகீ கண்ணாடி மூடியைத் தள்ளித் திறந்து, எழுந்து நின்று குதித்ததை உழவர் ஒருவர் கண்டார். பாராசூட் விரிவதற்கு அந்த உயரம் போதவில்லை. ஆக்ஸ்ஃபர்டை ஓட்டிய எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபினும் பிழைக்கவில்லை. இருவருக்கும் வயது 19.

மாண்டவரைப் பெயர் சொல்லி நினைப்பது நம் மரபு. தொல்காப்பியர் புறத்திணையியலில், வீரனுக்குக் கல் நாட்டும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு படிகளாக வகுத்தார். தக்க கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை எத்தனை பொறுமை, எத்தனை பரிவு! 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல் ஒன்று கூடலூர் ஆநிரைப் பூசலைக் குறித்து, அந்தவன் என்பவன் பெயரையும் அவன் ஊரையும் சொல்கிறது. அவனை அரசன் என்று கல் சொல்லவில்லை. ஆனாலும் ஊரார் பெயரை வெட்டி வைத்தார்கள். ஈராயிரம் ஆண்டு கடந்தும் நாம் வாசிக்கிறோம்.

கிரிஃபினைப் போலப் பகைவனைக் காணாமலே விபத்தில் இறந்தவனுக்கு வீரக்கல் எதற்கு என்று கேட்பாருண்டு. மகீ ஒன்டாரியோவில் பயின்ற காமன்வெல்த் வான் பயிற்சித் திட்டம் 1,31,553 பேரை வான்படைப் பணிக்கு ஆயத்தமாக்கியது. அந்தப் பயிற்சியிலேயே 800க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். கற்றுக்கொள்வதே களமாக இருந்த காலம் அது. களத்தில் விழுந்தவருக்குரிய மரியாதை அவர்களுக்கும் உரியதே.

மகீயின் தந்தை, சீனத்தில் ஊழியம் செய்த போதகர், மகனின் கவிதையைத் தம் சபை மடலில் அச்சிட்டார். விடியலின் சிறகேறிக் கடலின் எல்லைக்கே போனாலும் இறைவன் கை அங்கும் தாங்கும் என்ற விவிலியத்தின் 139ஆம் சங்கீதத்தின் உறுதியை மகீ, கிரிஃபின் இருவருக்காகவும் நான் பற்றிக்கொள்கிறேன்.

ஸ்காப்விக் கல்லறைத் தோட்டத்தில் மகீயின் கல் அவர் கவிதை வரிகளையே தாங்கி நிற்கிறது. கிரிஃபின் நமக்குக் கவிதை விட்டுச் செல்லவில்லை. நினைவு நாளான நவம்பர் 11 அன்று பெயர் வாசிக்கும் இளையோரே, மகீயை அடுத்து, லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின் என்று பதவியோடு, முழுப் பெயராக, உரக்க வாசியுங்கள்.